போன் துடைத்த முகம்

எங்கள் வீடியோக்காரர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, இப்ப எல்லாரும் போனிலைதான் வீடியோ எடிட் பண்ணுறாங்கள். அது நல்லதோ கூடாதோ எண்டு நீங்கள் ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ."

"எனக்கு எழுத வராது தம்பி. எட்டாம் வகுப்போடை நிண்டனான்."

"கதைக்கிற மாதிரி எழுதுங்கோ. பிழை இருந்தா நாங்கள் பாத்துத் திருத்துவம்."

"கதைக்கவும் எனக்குப் பெரிசா வராது."

அவர் சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில்தான் எழுதுகிறேன்.

நான் வீடியோ வெட்டி ஒட்டும் வேலை செய்தவள். முப்பது வருடத்துக்கு மேல் செய்தேன். கண் ஒப்பரேசன் செய்த பிறகு விட்டுவிட்டேன்.

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதியில் ஒரு ஸ்ரூடியோ இருந்தது. என்னை அங்கே எடுத்தது கசெற் மட்டைகளில் பெயர் எழுதுவதற்கு. என் எழுத்து வடிவாக இருக்கும். மணமகன் பெயர், மணமகள் பெயர், ஊர். அதுதான் வேலை. இணுவிலில் இருந்து சைக்கிளில் போய் வருவேன். எழுத ஒன்றும் இல்லாத நேரம் உள் அறைக்குள் போய் எடிட்டிங் பார்ப்பேன். பார்த்துப் பார்த்துக் கை வந்தது. எடிட்டிங் செய்தவர் ஒரு நாள் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் அந்தக் கதிரையில் நான் இருந்தேன். படித்தது அவ்வளவுதான்.

அப்போது இரண்டு டெக். ஒன்றில் கசெற் ஓடும். மற்றதில் பதியும். இரண்டையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஓடுகிறதை ஐந்து எண்ணும் தூரம் பின்னுக்கு இழுத்து, இரண்டு கையாலும் ஒரே நேரம் அமத்த வேண்டும். அரைச் செக்கன் பிந்தினால் ஐயரின் கை பாதியில் நிற்கும். நடுவில் ஒரு பிழை வந்தால் அதற்குப் பிறகு செய்தது முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். கறன்ட் இல்லாத காலம். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும். அது இருமினால் படமும் இருமும்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரை அண்ணை என்று கூப்பிடுவோம். மெல்லிய ஆள். வாயில் நல்ல சொல் வராது. ஒருவரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. சம்பள நாளிலும் முகம் அப்படித்தான் இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கசெற்றும் அவர் முழுக்கப் பார்க்காமல் கடையை விட்டு வெளியே போகாது. வேலை முடிந்த கசெற்றைப் பெரிய ரிவியில் போடுவார். கதிரையை ஆறடி பின்னுக்கு இழுப்பார். இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருப்பார். மூன்று மணித்தியாலம் ஓடும் கலியாணம் என்றால் மூன்று மணித்தியாலமும் இருப்பார். வேகமாக ஓட விட்டுப் பார்க்க மாட்டார். தேத்தண்ணி வந்தாலும் கை எடுக்க மாட்டார். ஆறிப்போகும்.

என்னையும் பக்கத்தில் இருத்துவார்.

"கையை மடிக்குள்ளை வை."

"நான் ஒண்டும் தொடேல்லை அண்ணை."

"தொடுவாய். பொத்தானிலை கை இருந்தா நீ படம் பாக்க மாட்டாய். எங்கை வெட்டலாம் எண்டுதான் பாப்பாய்."

பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பார். "உந்தப் பச்சைச் சீலை ஆர்? முதல்லை நிண்டவ. பிறகு காணேல்லை. வெட்டிப்போட்டியோ?"

"ஓரத்திலை நிண்டவ அண்ணை. ஆர் பாக்கப் போயினம்?"

"லண்டனிலை இருக்கிறவன் பொம்பிளை மாப்பிளையைப் பாக்கிறதுக்கு இதைக் கேக்கேல்லை. அவையளின்ரை போட்டோ அவனிட்டை இருக்கு. ஆர் வந்தது, ஆர் வரேல்லை, ஆற்றை கால் இழுக்குது, வீட்டுக்கூரை இருக்கோ, மாமரம் நிக்குதோ, அதைத்தான் பாப்பான். திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். நாலு மணித்தியால வேலை. அந்தப் பச்சைச் சீலை மாப்பிள்ளையின் பெரியம்மாவாம். லண்டனில் இருந்தது அவவின் மகன்.

அவரின் இரண்டாவது பழக்கம், வீட்டுக்காரர் பார்த்து "சரி" என்று சொல்லும்வரை எடுத்த கசெற்றை அழிக்க விடமாட்டார். வெறும் கசெற் கிடைக்காத காலத்திலும் விடவில்லை. அலுமாரி நிறைந்து கட்டிலுக்குக் கீழேயும் கிடக்கும். அவரின் மனைவி ஏசுவா. "உங்களுக்கு ஊராற்றை கலியாணம். எனக்குக் கூட்டுமாறு வைக்க இடமில்லை." அவர் கசெற்றைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்.

இவை இரண்டும் பைத்தியக்கார வேலை என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இதை மறைக்கத் தேவையில்லை.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. டெக் போனது. துரை அண்ணையும் காலமானார். மகன் கடையை எடுத்தான். நான் அதே கதிரையில் இருந்தேன்.

பிறகு போன் வந்தது.

போனைப் பற்றி நல்லது சொல்லத்தான் வேண்டும். நான் அதற்கு எதிரி இல்லை. ஒரு கலியாண வீடு. பொம்பிளையின் தகப்பன் ஆஸ்பத்திரியில். முதல் நாள்தான் விழுந்தவர். நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். தாலி கட்டி முடிந்தது. நான் மண்டபத்தின் பின்பக்கம் குந்தி இருந்து, போனிலேயே நாலு நிமிசத்துக்கு வெட்டி, வார்ட்டில் அவருக்குத் துணையாக நின்ற மூத்த மருமகனுக்கு அனுப்பினேன். பொம்பிளை எழும்பி அம்மி மிதிக்கப் போகமுதல் தகப்பன் தாலி கட்டியதைப் பார்த்துவிட்டார். அழுதாராம். பிறகு, "மேளச் சத்தம் போதாது" என்றாராம். அவர் அதற்குப் பிறகு கனகாலம் இருக்கவில்லை. கொம்பியூட்டரை நம்பி இருந்தால் அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

பஸ்ஸில் இருந்து வெட்டலாம். கறன்ட் போனால் பயமில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கலாம். கண் குறைந்த எனக்கு அது உதவி. ஒரு பிழை விட்டால் ஒரு தட்டுத் தட்ட, பழையபடி வரும். டெக்கில் வேலை செய்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனிப் பண்டத்தரிப்புச் செத்தவீட்டைச் சொல்கிறேன். செயலாளர் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். இது தெரிந்துதான் என்னிடம் வந்திருப்பார்.

செத்தது ஒரு அம்மா. எழுபது வயதிருக்கும். தங்கச்சியோடு ஒரே வீட்டில் இருந்தவ. மகன் ஊரில் தோட்டம் செய்கிறார். மகள் மாலதி கனடாவில். போய் மூன்று வருடம். அங்கே அகதி வழக்கு முடியவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது. அதனால் தாயின் செத்தவீட்டுக்கு வரவில்லை. நேரலையில் பார்க்கிறதாக இருந்தது. அன்றைக்கென்று சிக்னல் நேரலைக்குப் போதவில்லை. தொடங்கி இரண்டு நிமிசத்தில் படம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

தங்கச்சிக்காரி, மாலதியின் சித்தி, என்னிடம் வந்து கையைப் பிடித்தா.

"பிள்ளை அங்கை போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். தாயின்ரை முகத்தை ஒருக்கா வடிவாக் காட்டச் சொல்லிக் கெஞ்சுறாள். நீங்கள் ஏதாவது செய்யுங்கோ."

"செய்யிறன் அக்கா."

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். கடைக் கமராக்காரன் ரவி பெரிய கமராவோடு. பந்தலில் வலது பக்கம் ஓரமாக ஸ்ரான்ட் போட்டு நிறுத்தி இருந்தான். ஆட்கள் நெருக்கியடித்தபடியால் அவனுக்குக் கிட்டப் போக இடமில்லை. நான் பெண்களோடு பெட்டிக்குக் கிட்ட நின்றேன். முகத்தை என் போனில் எடுத்தேன். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தது, வாய்க்கரிசி போட்டது, எல்லாம் எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் ஒழுங்கையால் திரும்பும் மட்டும் படலையில் நின்று பார்ப்போம். பிறகு உள்ளே வந்து வீட்டைக் கழுவுவோம். ரவி ஆண்களோடு சுடலைக்குப் போய்விட்டான். பெண்கள் வாளியும் தும்புத்தடியுமாக நின்றார்கள். நான் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து போனில் வெட்டத் தொடங்கினேன். அவசரம். அங்கே ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டைக் கழுவி முடிக்குமுன் அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முகம் வருகிற பகுதி முதலில். அதை முடித்தேன். அடுத்த பகுதிக்குப் போக, இடம் போதாது என்று போன் சொன்னது. முதல் நாள் ஒரு சாமத்திய வீடு, ஒரு பெட்டை பெரியபிள்ளையான சடங்கு. அது முழுக்க உள்ளே கிடந்தது. அதை இன்னும் வீட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை. அழிக்க ஏலாது. முகத்தை வெட்டி முடித்துவிட்டேன்தானே என்று, நான் எடுத்த அசல் முகத்தை அழித்தேன். இடம் வரவில்லை. குப்பைக்குள் கிடப்பதையும் சேர்த்து அழித்தால்தான் இடம் வரும். அதையும் அழித்தேன்.

சித்தி தந்த நம்பருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. இரண்டு நீலக் கோடு விழுந்தது. மனம் ஆறியது. யாரோ தேத்தண்ணி தந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சித்தியின் போன் அடித்தது. அவ ஈரக் கையோடு எடுத்து, சத்தமாக்கி, விறாந்தைக் கட்டின் மேல் வைத்தா.

"சித்தி, இது ஆர்?"

"என்னடி பிள்ளை கேக்கிறாய்? கொம்மா."

"அம்மாவின்ரை கன்னம் எங்கை?"

சித்திக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"அந்தத் தழும்பு எங்கை சித்தி? நான் முதல்லை பாக்கிறது அதைத்தான். ஏன் அதிலை ஒண்டும் இல்லை?"

பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். மாலதி ஆறு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது, தாய் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாவாம். அடுப்பில் நீளப் பிடி போட்ட தாச்சி, நிறையக் கொதி எண்ணெய். பிள்ளை எட்டிப் பிடியை இழுத்திருக்கிறாள். தாய் பாய்ந்து பிள்ளையைத் தள்ளினா. எண்ணெய் தாயின் வலது கன்னத்தில் கொட்டியது. காதடியில் இருந்து தாடை மட்டும் தழும்பு. தாய் அதை ஒரு நாளும் மறைத்ததில்லை. போட்டோ எடுக்கும்போதும் சீலைத் தலைப்பை இழுத்து விடுவதில்லை.

சித்தி தடுமாறினா. "மலர்ச்சாலைக்காரர் பவுடர் பூசினவங்கள் பிள்ளை. அதுதான் மறைஞ்சு போச்சு போலை."

"அக்கா ஒராள் வீடியோ எடுத்தவ எண்டியளே. அவ நிக்கிறாவோ?"

"நிக்கிறன் தங்கச்சி."

"நீங்கள் பாத்தனீங்களோ? முகத்திலை இருந்ததோ?"

நான் அரை முழத்தில் நின்ற ஆள். ஆனால் முகத்தை நான் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தேன். சட்டத்துக்குள் முகம் நடுவில் நிற்கிறதா, கை ஆடுகிறதா, அதைத்தான் பார்த்தேன். தழும்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

"ஓம் தங்கச்சி," என்றேன். "அவங்கள் கொஞ்சம் கூடத்தான் பூசுவாங்கள்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாலதியின் குரல் மாறியது. "சித்தி, அம்மாவுக்கு என்ன நடந்தது? விழுந்தவவோ? முகத்திலை அடிபட்டதோ? எனக்கு ஏன் மறைக்கிறியள்?"

"மாரடைப்பு எண்டுதானே பிள்ளை சொன்னனான்."

"அப்ப ஏன் முகத்தை மூடிப் பூசினது?"

"ஐயோ பிள்ளை, ஆராவது..."

"திரும்பப் பெட்டியைத் திறந்து காட்டுங்கோ."

சித்தி ஒழுங்கைப் பக்கம் பார்த்தா. நானும் பார்த்தேன். பிரேதம் போய் ஒரு மணித்தியாலம். கொள்ளி வைத்திருப்பார்கள்.

"சுடலைக்குக் கொண்டு போட்டினம் பிள்ளை," என்றா சித்தி.

போன் நின்றது. அதற்குப் பிறகு மாலதி யார் எடுத்தாலும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் சித்தி எனக்குக் கோல் எடுத்தா.

"பிள்ளை ஒண்டும் சாப்பிடுறாள் இல்லையாம். கூட இருக்கிற பெட்டை சொல்லுறாள். வேலைக்கும் போகேல்லை. தாயை நாங்கள் கவனியாமல் விட்டு, விழுத்தி, மறைச்சுப்போட்டம் எண்டு நினைக்கிறாள். நான் எப்பிடி அவளுக்குக் காட்டிறது? காட்ட என்னட்டை என்ன கிடக்கு?"

அவ மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தா.

"மலர்ச்சாலைக்காரரைக் கூப்பிட்டு நல்லா ஏசிப்போட்டன். அந்தாள் கோயிலிலை சத்தியம் பண்ணுறன் எண்டுது. தழும்புக்கு மேலை ஒண்டும் பூசேல்லையாம். அப்ப தழும்பு என்னண்டு போனது?"

"நான் பாத்திட்டுச் சொல்லுறன் அக்கா," என்றேன்.

கடைக்குப் போனேன். அனுப்பின வீடியோவைப் பெரிய ரிவியில் போட்டேன். கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். கையை மடிக்குள் வைத்தேன்.

தாயின் முகம் வழுவழுப்பாக இருந்தது. அது மட்டும் இல்லை. குனிந்து அரிசி போட்ட எண்பது வயதுக் கிழவிக்கு ஒரு சுருக்கம் இல்லை. குருக்களுக்கு அம்மைத் தழும்பு இருந்தது எனக்குத் தெரியும். இருபது வருடமாக அவரைக் கமராவில் பார்க்கிறேன். அவருக்கும் இல்லை. அழுதுகொண்டு நின்ற சித்தியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. செத்தவீட்டில் எல்லாரும் சாமத்தியப் பெட்டைகள் மாதிரி நின்றார்கள்.

விளங்கியது. முதல் நாள் சாமத்திய வீட்டில் பிள்ளையின் தாய் சொன்னா, "முகத்தைக் கொஞ்சம் துடைச்சு விடுங்கோ, பரு நிறையக் கிடக்கு" என்று. போனில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்திவிட்டிருந்தேன். போன் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வேலைக்கும் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டது. உள்ளங்கை அளவு திரையில் எனக்குத் தெரியவில்லை. மலர்ச்சாலைக்காரர் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் செய்தேன். அசலையும் நான்தான் அழித்தேன்.

துரை அண்ணை இருந்திருந்தால் ஏச மாட்டார். எழும்பிக் கதிரையைக் காலால் தள்ளி வைத்துவிட்டுப் போவார். அது ஏச்சைவிடக் கூட.

ரவிக்குக் கோல் எடுத்தேன்.

"ரவி, பண்டத்தரிப்புச் செத்தவீட்டு மெமரிக் காட் எங்கை?"

"பையுக்கை கிடக்கு அக்கா. நாளைக்குக் கலியாண வீட்டுக்கு அதைத்தான் போடப் போறன்."

"போடாதை."

"ஏன்? அதிலை ஒண்டும் இல்லை அக்கா. முழுக்க ஆக்களின்ரை முதுகு."

"நீ இன்னும் அழிக்கேல்லையோ?"

"இல்லை."

"துரை அண்ணை சொன்னதுக்காகவோ?"

"சீ, பஞ்சியிலை."

அவனுடைய பஞ்சிக்கு, அந்தச் சோம்பலுக்கு, நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

காட்டை வாங்கிக்கொண்டு வந்து ரிவியில் போட்டேன். நாலு மணித்தியாலம். வேகமாக ஓட விடவில்லை. ஓட விட்டால் தப்பிவிடும். ரவி சொன்னது சரி. முதுகுகள்தான். ஒரு முதுகு விலக மற்ற முதுகு வரும். உரலில் சுண்ணம் இடிக்கும்போது பெட்டியின் விளிம்பு தெரிந்தது. வாய்க்கரிசி நேரம் ஒரு கை தெரிந்தது. பந்தம் பிடித்த பிள்ளைகள் சுற்றி வந்தபோது புகை. முதல் மணித்தியாலம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் மூக்கு நுனி தெரிந்தது. எனக்குக் கண் எரிந்தது. கையை எடுக்கவில்லை.

பெட்டி மூடப் போகிறார்கள். மூடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். மகன் எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொல்கிறார். முதுகுகள் விலகின. சித்தி மட்டும் போகவில்லை. குனிந்து, லேஞ்சியை எடுத்து, தமக்கையின் நெற்றியில் கிடந்த அரிசியையும் பூவையும் துடைக்கிறா. துடைக்க முகம் கொஞ்சம் இந்தப் பக்கம் சரிந்தது. வலது கன்னம். கமராவும் வலது பக்கம்.

இருந்தது. காதடியில் இருந்து தாடை மட்டும். சித்தியின் கை அதன் மேலாலும் போனது. அழுத்தாமல், பழகின மாதிரிப் போனது. வேறு ஒரு காயமும் அந்த முகத்தில் இல்லை. பிறகு மூடி வந்தது.

பதினாலு செக்கன்.

கொம்பியூட்டரில் அந்தப் பதினாலு செக்கனைப் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாக வந்தது. அதைத் துடைக்கவில்லை. நிறம் கூட்டவில்லை. பாட்டுப் போடவில்லை. பறைச் சத்தமும் மகன் "விலகுங்கோ, விலகுங்கோ" என்று கத்துவதும் அப்படியே விட்டேன்.

மாலதிக்குக் கோல் எடுத்தேன். எடுக்கவில்லை. குரலில் பதிந்து அனுப்பினேன். நான் சொன்னது இவ்வளவுதான்.

"தங்கச்சி, நான் வீடியோ எடுத்த அக்கா. உங்கடை அம்மாவின்ரை தழும்பை மலர்ச்சாலை மறைக்கேல்லை. சித்தியும் மறைக்கேல்லை. என்ரை போன் அழிச்சது. நான் பாக்காமல் அனுப்பினனான். அண்டைக்குத் தெரியாமல் பவுடர் எண்டதுக்கு ஓம் எண்டு சொன்னதும் நான்தான். பிழை என்ரை. இதிலை இருக்கிறது அசல். ஒண்டும் செய்யேல்லை. பெரிய திரையிலை போட்டுப் பாருங்கோ."

சித்தியிடமும் போய்ச் சொன்னேன். மலர்ச்சாலைக்கும் போய்ச் சொன்னேன். அந்த ஆள் என்னை ஒரு கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னார், "நாங்கள் இருபது வருசமா எத்தினை முகம் பாத்திட்டம். ஒருத்தரின்ரை அடையாளத்திலையும் கை வைக்க மாட்டம் அக்கா."

கனடாவில் இருந்து பதில் வரவில்லை. நீலக் கோடு மட்டும் விழுந்தது.

செயலாளர் கேட்டதற்கு என் பதில் இதுதான். போனில் வெட்டலாம். நானும் வெட்டினேன், பிறகும் வெட்டினேன். தாலி கட்டியதைத் தகப்பனுக்குக் காட்டியதும் போன்தான். ஆனால் அது உங்களைக் கேட்காமல் வேலை செய்யும். நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு ஓரத்தில் நிற்கிற ஆட்களைத் தள்ளிவிடும். பேச்சில்லாத இடத்தை வெறும் இடம் என்று வெட்டச் சொல்லிக் கேட்கும். செத்தவீட்டில் பேச்சில்லாத இடம்தான் கூட. முகத்தைத் துடைக்கும். இடமில்லை என்று உங்களைக் கொண்டே அசலை அழிப்பிக்கும். அதனால் அனுப்பமுதல் ஒரு தரம் பெரிய திரையில் பாருங்கள். முழுக்கப் பாருங்கள். வீட்டுக்காரர் "சரி" என்று சொல்லும் மட்டும் அசலை வைத்திருங்கள். புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று. வேலையை விடும்வரை, எந்த வீட்டுக்குப் போனாலும் போனை எடுக்கமுதல் கிட்டப் போய் முகத்தைப் பார்ப்பேன். வெறும் கண்ணால். வீட்டில் ஒருவரைக் கேட்பேன், "முகத்திலை என்ன அடையாளம்?" என்று. சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். சொல்லி முடிக்க நேரம் எடுக்கும்.

அந்த அம்மா செத்து எட்டாம் நாள் நான் பண்டத்தரிப்புக்குப் போனேன். சித்தி வரச் சொல்லியிருந்தா. எட்டுச் செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமான சாப்பாடு எல்லாம் படைப்பார்கள். வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய், முட்டை, ஒரு கரையில் பனங்காய்ப் பணியாரம். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மகன் தேங்காய் உடைக்க இருந்தார். நான் ஒரு ஓரமாக இருந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

சித்தியின் போன் அடித்தது. அவ பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. எடுத்தா. சத்தமாக்கினா.

முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"சித்தி."

"சொல்லு பிள்ளை."

"நீங்கள் லேஞ்சியாலை துடைக்கிறியள்."

"ஓம்."

"பாத்தன். இருவது முப்பது தரம் பாத்தன்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டா. மகன் தேங்காயைக் கீழே வைத்தார்.

"சித்தி, அங்கை படைச்சாச்சோ?"

"படைச்சாச்சு. நீ சாப்பிட்டியோ?"

"இல்லை. இனித்தான் சமைக்கப் போறன். நானும் இஞ்சை படைக்கப் போறன். பனங்களி கடையிலை வாங்கி வந்திட்டன். மா எவ்வளவு போடுறது?"

சித்தி படையலில் இருந்த பணியாரத்தைப் பார்த்தா. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பிறகு எனக்கும் சொன்னார்கள். ஆறு வயதில் இருந்து மாலதி பணியாரம் சுடும் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. தாய் ஒவ்வொரு பனங்காய்க் காலமும் சுட்டா. அவள் வெளியே நின்று வாங்கித் தின்பாளாம்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினா. களியை வடித்துக் காய்ச்சி ஆற விடு. சீனி பாத்துப் போடு. மா கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர், கையிலை ஒட்டாமல் வாற மட்டும். எண்ணெய் கொதிச்சாப் பிறகு அடுப்பைக் குறை.

"ஓம். ஓம்," என்று அங்கே எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை."

"என்ன சித்தி?"

"தாச்சிப் பிடியை உள்பக்கமாத் திருப்பி வை."

"தெரியும் சித்தி," என்றாள் மாலதி.